பழைய வண்டிக்கும் பழைய படகுக்கும் பாலிசியில் என்ன விலை?



சரக்கு வாங்கும்போது விலை பேசாமல் வாங்குகிற வியாபாரி யாரும் இல்லை. துவரம் பருப்பு மூட்டைக்குப் பத்து ரூபாய் வித்தியாசம் என்றால் நாலு மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கிறோம். ஆனால் இன்சூரன்ஸ் பாலிசி புதுப்பிக்கும்போது மட்டும், "போன வருடம் மாதிரியே போட்டு விடுங்கள், பிரிமியம் கொஞ்சம் குறைந்தால் சரி" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு, பாலிசியைப் பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறோம். அதில் நம் வண்டிக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று படித்துப் பார்ப்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான் பீரோவைத் திறக்கிறோம்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். பட்ட பிறகே தெரிந்து கொண்டோம். நம் சங்கத்து உறுப்பினர் வேறு யாரும் இப்படிப் படக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எங்களுக்கு நேர்ந்தது

2007-ல் வாங்கிய எங்கள் சரக்கு வேன் பதினைந்து வருடம் ஓடியது. ஆரணி, போளூர், வேலூர் என்று எங்கே லோடு இருந்தாலும் அதுதான் போய் வரும். இடையில் இன்ஜின் வேலை பார்த்து, புதுப் பாடி கட்டி, நல்ல நிலையில் வைத்திருந்தோம். அதே போல ஒரு வண்டி சந்தையில் வாங்கப் போனால் 3 லட்ச ரூபாய்க்குக் குறையாது.

2022-ஆம் வருடம் ஆடி மாதம். படவேட்டில் ஆடி என்றால் என்ன கூட்டம் என்பது யாவரும் அறிந்ததே. ரேணுகாம்பாள் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்கும். கடைகளுக்கு வெல்லம், பச்சரிசி, கற்பூரம், எண்ணெய் என்று நிற்காமல் சரக்கு போய்க் கொண்டிருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரு நாள் இரவு மழையில், சந்தவாசல் அருகே எதிரே வந்த வாழைத்தார் லாரிக்கு ஒதுங்கப் போய் எங்கள் வேன் புளிய மரத்தில் மோதியது. ஆண்டவன் புண்ணியத்தில் டிரைவருக்குக் கையில் சிராய்ப்போடு போயிற்று. வண்டியின் முன்பக்கம் நசுங்கிவிட்டது.

பட்டறையில் 1,60,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். எஃப்.சி., பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. பாலிசியும் நடப்பில் இருந்தது. ஆகவே கவலையில்லை என்று நினைத்தோம். சர்வேயர் வந்து பார்த்துவிட்டு, "இது டோட்டல் லாஸ்" என்றார். ரிப்பேர் செய்து ஓட்டக்கூடிய வண்டியை எப்படி டோட்டல் லாஸ் என்கிறீர்கள் என்று கேட்டோம். அவர் பாலிசியில் ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே எங்கள் வண்டியின் மதிப்பு 1,80,000 ரூபாய் என்று அச்சாகி இருந்தது. வருடா வருடம் பிரிமியத்தைக் குறைக்கச் சொல்லி நாங்களே குறைத்துக் கொண்டு வந்த மதிப்பு அது.

ஐ.டி.வி. என்றால் என்ன?

பாலிசியில் ஐ.டி.வி. என்று மூன்று எழுத்து இருக்கும். வண்டிக்கு நாம் அறிவித்து, கம்பெனி ஒப்புக்கொண்ட மதிப்பு என்று பொருள். வண்டி திருட்டுப் போனாலோ, முழுக்க அழிந்தாலோ கிடைக்கக் கூடிய உச்சத் தொகை இதுவே. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அகில இந்திய மோட்டார் கட்டண விதிகளில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 2007-க்குப் பிறகு கம்பெனிகள் பிரிமியத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம் என்று ஆன போதிலும், மதிப்புப் போடும் முறைக்கு அந்தக் கணக்கே அடிப்படையாக இருந்து வருகிறது.

அதன்படி, அந்த மாடல் வண்டிக்குத் தயாரிப்பாளர் அறிவித்திருக்கும் விற்பனை விலையிலிருந்து வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கப்படும். ஆறு மாதம் வரை 5 சதவீதம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வருடம் வரை 15. இரண்டு வருடம் வரை 20. மூன்று வருடம் வரை 30. நான்கு வருடம் வரை 40. ஐந்து வருடம் வரை 50. அதாவது 8 லட்ச ரூபாய் விலையுள்ள வண்டிக்கு ஐந்தாம் வருடத்தில் 4 லட்சம்தான் மதிப்பு. நாம் கட்டிய ரோடு டாக்ஸும் பதிவுச் செலவும் இந்தக் கணக்கில் சேராது. தனியாகப் பொருத்திய சாமான்களும், சேஸிஸ் மட்டும் வாங்கி நாம் கட்டிய பாடியும் இருந்தால் அவற்றின் மதிப்பைச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் அட்டவணையே கிடையாது. வண்டிக்காரரும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்ளும் மதிப்பே மதிப்பு என்று விதி சொல்கிறது. நாம் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். நம்மில் பலரிடம் இருப்பது ஐந்து வருடம் தாண்டிய வண்டிதான். ஆகவே பேரம் பேசும் உரிமை நமக்கு உண்டு. நாமோ பேசாமல் விட்டு விடுகிறோம். அல்லது குறைத்துப் போடச் சொல்லிப் பேசுகிறோம்!

முக்கால் பங்குக் கணக்கு

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். எங்கள் வண்டியின் மதிப்பு 1,80,000. அதில் முக்கால் பங்கு 1,35,000. எஸ்டிமேட்டோ 1,60,000. ஆகவே டோட்டல் லாஸ். நசுங்கிய வண்டி 70,000 ரூபாய் பெறும் என்று மதித்துக் கழித்தார்கள். கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய சிறு தொகையும் போக, 1,10,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. உடைந்த வண்டி எங்கள் தலையில். இரண்டையும் கூட்டினாலும் அதைப் போன்ற வேறு வண்டி வாங்க முடியாது.

அதே வண்டிக்கு அதன் உண்மையான மதிப்பான 3 லட்சம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முக்கால் பங்கு 2,25,000. எஸ்டிமேட் அதற்கு உள்ளே அடங்குவதால் ரிப்பேர் க்ளைமாகப் போயிருக்கும். அதிலும் பாகங்களுக்குத் தேய்மானம் உண்டு. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு வண்டி புதிதாக இருந்தாலும் பாதிதான். ஃபைபர் கண்ணாடிப் பாகங்களுக்கு 30 சதவீதம் கழிவு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. மற்ற இரும்பு, மரப் பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி கழிவு கூடிக் கொண்டே போய், ஐந்து முதல் பத்து வருடத்துக்கு 40 சதவீதம், பத்து வருடத்துக்கு மேல் 50 சதவீதம். கூலிக்குக் கழிவில்லை. எங்கள் எஸ்டிமேட்டில் இரும்புச் சாமான் 80,000, ரப்பர் பிளாஸ்டிக் 20,000, கண்ணாடி 10,000, கூலி 50,000. இதில் கம்பெனி பங்கு 40,000, 10,000, 10,000, 50,000, ஆக 1,10,000. எங்கள் கையிலிருந்து 50,000 போட்டிருந்தால் வண்டி மறுபடி ரோட்டில் ஓடியிருக்கும். கிடைத்த பணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் வண்டி இருந்திருக்கும், ஒன்றில் இல்லை.

இதற்காக நாங்கள் ஐந்து வருடத்தில் பிரிமியத்தில் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று பழைய ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். பத்தாயிரம் ரூபாய் கூடத் தேறவில்லை. காரணம் இதுதான்: பழைய சரக்கு வண்டியின் பிரிமியத்தில் பெரும் பகுதி மூன்றாம் நபர் காப்பீட்டுக்குப் போவது. 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு 2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணம் வருடத்துக்கு 16,049 ரூபாய். ஐ.டி.வி.யை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தொகையில் ஒரு பைசாவும் குறையாது. சொந்தச் சேதத்துக்கான சிறு பகுதியில்தான் நாம் கஞ்சத்தனம் செய்கிறோம்.

எங்களிடம் பல வருடம் வண்டி ஓட்டிய டிரைவர், வேறு வண்டி வாங்கும் வரை மூன்று மாதம் மூட்டை தூக்கினார். அதைப் பார்த்தபோதுதான் அந்தப் பத்தாயிரம் எங்களை உறுத்தியது.

அதிகமாகப் போட்டால் ஆதாயமா?

அப்படியானால் 3 லட்ச வண்டிக்கு 6 லட்சம் போட்டு விடலாமே என்று சிலர் கேட்கலாம். அதுவும் தவறு. காப்பீடு என்பது இழந்ததை ஈடு கட்டுவது. லாபம் பார்ப்பதற்கு அல்ல. மிகையாகப் போட்டால் வீண் பிரிமியம் போவதோடு, க்ளைம் சமயத்தில் சந்தேகமும் தகராறும் வரும். ஆனால் நியாயமாகப் பேசி ஒப்புக்கொண்ட மதிப்பைக் கம்பெனி பிறகு தட்டிக் கழிக்க முடியாது. ஒரு மதிப்பை ஏற்று அதற்குப் பிரிமியமும் வாங்கிக் கொண்ட கம்பெனி, நஷ்ட ஈடு கொடுக்கும் நேரத்தில் அந்த மதிப்பை மறுப்பது நியாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு வாகன வழக்கில் கூறியிருக்கிறது. சர்வேயர் அறிக்கையே இறுதி வார்த்தை அல்ல என்று 2009-ல் மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. இவ்விரண்டையும் நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அம்பாசடரும் அபூர்வக் காரும்

நம் வணிகர் வீடுகளில் இன்னும் சில அம்பாசடர் கார்கள் இருக்கின்றன. அதன் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. தயாரிப்பாளர் விலை என்று ஒன்று இப்போது இல்லை. பேசி முடிவு செய்யும் மதிப்புதான். சும்மா கேட்டால் இரும்பு விலைக்குத்தான் போடுவார்கள். காரைப் பராமரித்த ரசீதுகள், நாலு பக்கமும் எடுத்த போட்டோ, தகுதியுள்ள மதிப்பீட்டாளர் கொடுத்த சான்று ஆகியவற்றோடு போனால் பேச்சே வேறு.

இதற்கும் மேலே ஒரு வகை உண்டு. மோட்டார் கட்டண விதிகளின்படி, 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரிக்கப்பட்டு, இந்திய வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் சான்று அளித்த கார்தான் வின்டேஜ் கார். இந்த வகைக்கு மட்டும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி கொடுக்க அந்த விதிகள் அனுமதித்தன. கார் முழுதும் அழிந்தால் தேய்மானம் எதுவும் கழிக்காமல், எழுதிய தொகையை அப்படியே கொடுக்க வேண்டும். வேறு எந்த வாகனத்துக்கும் அப்படிப் பாலிசி கொடுக்கக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருந்தது. காரணம் எளிது. நம் வேன் வருடத்துக்கு வருடம் விலை குறையும். அபூர்வமான காரோ வருடத்துக்கு வருடம் விலை ஏறும். அதற்குத் தேய்மான அட்டவணை பொருந்தாது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பதிவு விஷயத்தில் வேறு கணக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, மூல வடிவம் மாறாமல் உள்ள இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்பன போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினசரி உபயோகமோ வியாபார உபயோகமோ கூடாது. ஆகவே தாத்தா காலத்து வண்டியில் சர்க்கரை மூட்டை ஏற்றிக் கொண்டு வின்டேஜ் சலுகையும் கேட்க முடியாது!

படகுக்கு வேறு சட்டம்

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்குப் படகைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நம் கடைகளில் விற்கிற கருவாடு கடற்கரையிலிருந்துதான் வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியிலும், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலிலும் படகுகள் நொறுங்கியதை நாம் மறக்கவில்லை. அப்போது இன்சூரன்ஸ் இல்லாத படகுக்காரர்கள் அரசு நிவாரணத்தையே நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1963-ஆம் வருடத்துக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் பாலிசியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, மதிப்பு எழுதிய பாலிசி. மற்றது, மதிப்பு எழுதாத பாலிசி. மதிப்பு எழுதிய பாலிசியில், மோசடி ஏதும் இல்லாத பட்சத்தில், எழுதிய மதிப்பே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மதிப்பு எழுதாததில், உச்சத் தொகை மட்டும் இருக்கும். உண்மை மதிப்பை நஷ்டம் நேர்ந்த பிறகு நிரூபிக்க வேண்டும். கடலில் மூழ்கிய பழைய மரப் படகின் மதிப்பைப் பிறகு எப்படி நிரூபிப்பது? ஆகவே பழைய படகுக்காரருக்கு முன்கூட்டியே மதிப்பு எழுதிக் கொள்வதே பாதுகாப்பு. 'முழு இழப்புக்கு மட்டும்' என்ற வகைப் பாலிசியும் உண்டு. பிரிமியம் குறைவுதான், ஆனால் பாதி உடைந்து கரை வந்து சேர்ந்தால் ஒன்றும் கிடைக்காது.

இந்தக் கடல் காப்பீட்டுத் தொழிலில் உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் என்பது 1680-களில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காபிக் கடையில் தொடங்கியது. கப்பல்காரர்களும் வியாபாரிகளும் கூடிப் பேசிய கடை அது. நம்மைப் போன்ற ஒரு கடைக்காரரின் பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஹேகர்ட்டி என்ற குடும்பம் 1984-ல் பழைய மரப் படகுகளுக்குக் காப்பீடு செய்யத் தொடங்கி, பிறகு பழைய கார்களுக்கும் விரித்தது. அங்கே மூன்று வகை சொல்வார்கள். நஷ்டம் நேர்ந்த நாளின் சந்தை மதிப்பு ஒன்று. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பு ஒன்று. வாடிக்கையாளர் தானாகச் சொன்ன மதிப்பு ஒன்று. இந்த மூன்றாவது வகையில்தான் பலர் ஏமாறுவது. சொன்ன மதிப்பு, சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதையே கொடுப்பது அதன் வழக்கம். 'ஒப்புக்கொண்ட' என்பதற்கும் 'சொன்ன' என்பதற்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். லட்சக் கணக்கில் பணம் மாறிவிடும்.

கடைச் சரக்குக்கும் இதே பாடம்

வண்டிக்குச் சொன்னது கடைக்கும் பொருந்தும். சொல்லப் போனால் கடைக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். தீ விபத்துப் பாலிசியில் 'சராசரி' என்று ஒரு நிபந்தனை உண்டு. கடையில் 20 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்க, 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், 4 லட்ச ரூபாய்ச் சரக்கு எரிந்தாலும் 2 லட்சம்தான் கிடைக்கும். மீதிப் பாதிக்கு நீங்களே உங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி என்று அர்த்தம். 2021 ஏப்ரல் 1 முதல் வந்துள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு நிறுவனங்களுக்கானது. அதில் 15 சதவீதம் வரை குறைத்து எடுத்திருந்தால் மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் பழைய கதைதான். தீபாவளிக்கும் ஆடிக்கும் சரக்கு இரட்டிப்பாகும் கடைக்காரர்கள் அந்த மாதத்து இருப்பை வைத்தே தொகையைக் கணக்கிட வேண்டும். ஆரணிப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள், பழைய தறிக்குச் சந்தை மதிப்பா, புதுத் தறி வாங்கும் மதிப்பா என்று பாலிசியில் பார்த்துக் கொள்வது அவசியம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே எடுத்துப் படியுங்கள். மதிப்பு எவ்வளவு என்று பென்சிலால் கோடு போடுங்கள்.

இரண்டாவது, அதே வருடத்து, அதே மாடல் வண்டி சந்தையில் என்ன விலை போகிறது என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். அந்த விலையை ஒட்டி மதிப்புப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இன்ஜின் வேலை, பாடி வேலை ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள். வருடம் ஒருமுறை வண்டியைப் போட்டோ எடுத்து அதில் சேருங்கள்.

நான்காவது, எஃப்.சி., பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் ஒரு நாள் கூடக் காலாவதியாக விடாதீர்கள். எவ்வளவு மதிப்புப் போட்டிருந்தாலும் இதில் ஓட்டை இருந்தால் க்ளைம் சிக்கலாகும்.

ஐந்தாவது, தேய்மானம் கழிக்காத சேர்க்கைப் பாலிசி புது வண்டிக்குக் கிடைக்கும். பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பாமல், பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாவது, தீர்வு திருப்தி இல்லையென்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

எங்கள் விஷயத்தில் நாங்கள் எங்கும் போகவில்லை. போக வழியும் இல்லை. பாலிசியில் இருந்த மதிப்பு நாங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட மதிப்பு. யார் மீது குற்றம் சொல்வது?

கமண்டல நாகநதி காய்ந்து கிடக்கும்போதுதான் கரையைப் பலப்படுத்த முடியும். வெள்ளம் வந்த பிறகு மண்வெட்டி எடுத்துப் பயனில்லை. இந்த இதழைப் படித்து முடித்ததும், கல்லாவைச் சாத்துமுன், பீரோவைத் திறந்து பாலிசியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பருப்பு மூட்டைக்குப் பேசும் பேரத்தில் பாதியை உங்கள் வண்டிக்கும் பேசுங்கள் என்று கேட்டுக் கொள்கிறோம்.